47-ஆம் குறி விழுந்துவிட்டது, மறுபடி போடலாமா?

கேள்வி, ஜூன் 3

சிங்கப்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். சில மாதங்களாகச் சம்பளம் ஒழுங்காக வருவதில்லை. முதலாளி "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். சீன நண்பர் ஒருவர் ஐ சிங் என்ற பழைய சீனக் குறிநூலில் குறி கேட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்று நாணயங்களை ஆறு முறை போட்டேன். கீழிருந்து மேலாக 8, 7, 8, 9, 7, 8. ஒற்றை எண் முழுக்கோடு, இரட்டை எண் பிளந்த கோடு, 6-உம் 9-உம் மாறும் கோடுகள். அதாவது நூலின் 64 குறிகளில் 47-ஆம் குறி. நான்காவது கோடு மாறினால் 29. இணையத்தில் தேடினால் 47 என்பது நெருக்கடி, 29 என்பது படுகுழி, இரண்டுமே மிக மோசமானவை என்கிறார்கள். தூக்கம் போய்விட்டது. மறுபடி போடலாமா? "பேச்சு நம்பப்படாது" என்று ஒரு வரி வருகிறது. அது முதலாளியைத்தானே சொல்கிறது?

ஜூன் 3, இரவு

போடாதீர்கள். அதே நூலின் 4-ஆம் குறியில் இதற்குப் பதில் இருக்கிறது: முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு முறை, மூன்று முறை கேட்பது தொந்தரவு, தொந்தரவு செய்பவனுக்குச் சொல்லமாட்டேன். நூலே எரிச்சலோடு வாய் திறப்பதுபோல் எனக்குத் தோன்றும் இடம் அது. பிடித்த குறி விழும்வரை போடுவதாக இருந்தால் நாணயம் எதற்கு? 64-இல் பிடித்ததை எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

எதைக் கேட்டுப் போட்டீர்கள் என்பதைச் சொல்லவே இல்லையே.

ஜூன் 4

அவர் பதில் எழுதும்வரை சும்மா இருக்க முடியவில்லை. 47-ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மேலே ஏரி, கீழே நீர். ஏரிக்குள் இருக்கவேண்டிய நீர் அடியில் வடிந்துபோய்விட்டது, ஏரி வறண்டு கிடக்கிறது. சம்பளம் வராதவருக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தலைவாசகத்தை, அதாவது குறி முழுமைக்கும் உரிய வாசகத்தை, முழுதாகப் படியுங்கள். வெற்றி உண்டு, உறுதி வேண்டும், பெரியவருக்கு நன்மை, குற்றம் இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில்தான் "சொல்ல இருக்கிறது, நம்பப்படாது" என்கிறது. இணையத்தில் பயமுறுத்துகிறவர்கள் முன்பாதியை விட்டுவிட்டு வாலை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

யாருடைய பேச்சு? குறி விழுந்தது உங்களுக்கு. நெருக்கடியில் இருப்பவரும் நீங்கள். எனவே பேசுகிறவரும் நீங்கள்தான். பழைய உரை இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது: வாயை நம்பினால் முட்டுச்சந்துதான். முதலாளி பொய்யரா இல்லையா என்பது இந்த வரியின் கவலை இல்லை. நீங்கள் அவர் அறைக்குப் போய் மறுபடி மறுபடி முறையிடுவது எடுபடாது என்கிறது. இதுவரை எத்தனை தடவை முறையிட்டிருப்பீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

அடுத்தது 29. இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் படிக்கிறார்கள். முதலில் விழுவது இன்றைய நிலை, மாறி வருவது நாளைய நிலை என்று புதிய கையேடுகள் பல சொல்லிக்கொடுக்கின்றன. ஜுவோ ஜுவான் என்ற பழைய சீன வரலாற்று நூலில், இன்ன குறி இன்ன குறியாகிறது என்று சொல்வது பல இடங்களில் எந்தக் கோடு என்று சுட்டுவதற்கான வழி மட்டுமே. குறியே கேட்காமல் வெறுமனே மேற்கோள் காட்டும்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சூ ஷி என்ற சீன அறிஞர் வகுத்த விதியும் நேரானது: ஒரே ஒரு கோடு மாறினால் முதல் குறியில் அந்தக் கோட்டின் வாசகத்தைப் படி. அவ்வளவுதான். எனவே நீங்கள் படிக்க வேண்டியது 47-இன் நான்காவது கோடு, படுகுழி அல்ல.

அந்தக் கோடு சொல்வது: மெல்ல, மெல்ல வருகிறது. பொன் வண்டியால் தடைபடுகிறது. அவமானம். ஆனால் முடிவு உண்டு.

ஜூன் 4, சற்றுப் பிறகு

"மிக மோசமான குறி எனக்கு மட்டும் ஏன் விழுந்தது" என்று தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார். நாணயத்தில் எந்தக் குறிக்கும் வாய்ப்பு 64-இல் ஒன்று. தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டினால் 6-உம் 9-உம் எட்டில் ஒரு பங்கு, 7-உம் 8-உம் எட்டில் மூன்று பங்கு. ஒரே ஒரு கோடு மாறுவது ஏறக்குறைய 100-க்கு 36 முறை நடக்கும். மிகச் சாதாரணம்.

பழைய முறை இதுவல்ல. 50 குச்சிகளில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு 49-ஐப் பிரித்துப் பிரித்து எண்ணுவார்கள். அதில் கணக்கு வேறு: 9 விழ 16-இல் 3 பங்கு, 6 விழ 16-இல் ஒரே பங்கு. முழுக்கோடு மாறுவது பிளந்த கோடு மாறுவதைவிட மூன்று மடங்கு எளிது. நாணயத்தில் அந்தச் சாய்வு போய்விடுகிறது. இதற்காக எனக்குத் தெரிந்த ஒருவர் நாணயத்தைத் தொடவே மாட்டார். ஆறு கோட்டுக்கும் பதினெட்டு முறை குச்சிகளைப் பிரிக்க வேண்டும். அவருக்கு ஓய்வூதியம் வருகிறது, செய்யட்டும்.

29-க்கு இன்னும் பயப்படுகிறவர்களுக்கு: ரிச்சர்ட் வில்ஹெல்மின் ஐ சிங் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் வரவிருந்தபோது உளவியலாளர் கார்ல் யுங் அதற்கு 1949-இல் முன்னுரை எழுதினார். முன்னுரை எழுதுவதைப் பற்றி நூலிடமே கேட்டார். விழுந்தது 29, மூன்றாவது கோடு மாறியது. அந்தக் கோடு "எதுவும் செய்யாதே" என்கிற ரகம். மனிதர் முன்னுரையை முடித்தார், 1961 வரை இருந்தார்.

ஜூன் 6

கேள்வி வந்துவிட்டது. "வேலையை விட்டால் நல்லதா, இருந்தால் நல்லதா?" இது இரண்டு கேள்வி. பூக்கட்டிப் பார்ப்பதற்கு இது சரி; வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, பொட்டலத்தைப் பிரித்தால் முடிந்தது. ஐ சிங்கிடம் இரண்டில் ஒன்றைக் கேட்டால் அது ஒன்றையும் தேர்ந்தெடுக்காது, நீங்கள் நிற்கும் இடத்தை வர்ணிக்கும். பிறகு வர்ணனையை ஆம், இல்லை என்று நாமே திரித்துக்கொள்வோம்.

கூடவே ஒரு தகவலும் தந்திருக்கிறார். அவர் ஓட்டுவது கம்பெனி கார். பொன் வண்டி! சிங்கப்பூரில் கார் வாங்கத் தேவையான சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழின் விலையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் உரை தேவையில்லை. வேலையை விட்டால் கார் போகும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வழி வேறு பார்க்கவேண்டும், அதனால்தான் தயங்குகிறார், கோடு அதைத்தான் சொல்கிறது.

சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஆனால் எழுதிய பிறகு பிடிக்கவில்லை.

ஜூன் 7

ஏன் பிடிக்கவில்லை என்றால், இவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்தான் ஆபத்து. கார் இல்லாவிட்டால் வீட்டுக் கடனைப் பொன் வண்டி என்றிருப்பேன். அதுவும் இல்லாவிட்டால் மேலாளர் என்ற பட்டத்தை. குறி கேட்டவர் பொருத்தத்தைப் பார்த்து மயங்கிய கதைக்கும், பொருத்தத்தை மறுத்த கதைக்கும் அந்த ஜுவோ ஜுவானிலேயே ஒவ்வொரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

மயங்கியவரின் பெயர் நான் குவாய். பழைய சீனாவின் லூ நாட்டில் தன் எஜமானக் குடும்பத்துக்கு எதிராகக் கிளம்பத் திட்டமிட்டார். பொ.ஆ.மு. 530. விழுந்தது 2-ஆம் குறியின் ஐந்தாவது கோடு: மஞ்சள் கீழாடை, பெரும் நன்மை. குதூகலமாகப் போய் ஒரு பெரியவரிடம் காட்டினார். அவர் சொன்னதன் சாரம்: நேர்மையான காரியமாக இருந்தால் இது பலிக்கும், இல்லையென்றால் தோற்கும், அபாயமான சூழ்ச்சிக்கு இந்த நூலில் குறி கேட்கக் கூடாது. நான் குவாய் கேட்கவில்லை. கலகம் தோற்று நாட்டைவிட்டு ஓடினார்.

மறுத்தவர் மு ஜியாங், அதே லூ நாட்டின் அரசமாதா. கள்ளக்காதலனோடு சேர்ந்து பெரிய குடும்பங்களைக் கவிழ்க்கப் பார்த்து, பிடிபட்டு, கிழக்கு மாளிகையில் அடைக்கப்பட்டவர். உள்ளே போனபோது குறி கேட்டார்கள். குறி சொல்பவர் 17-ஆம் குறியைக் காட்டி, விரைவில் வெளியே போவீர்கள் என்றார். அம்மையார் இல்லை என்றார். அந்தக் குறி "குற்றம் இல்லை" என்று சொல்வது நான்கு நற்குணங்கள் உள்ளவருக்கு. எனக்கு அதில் ஒன்றுகூட இல்லை, தீமையைத் தேர்ந்தெடுத்தவள் நான், இங்கேதான் சாவேன், வெளியே போகமாட்டேன் என்றார். பொ.ஆ.மு. 564-இல் அங்கேயே இறந்தார்.

குறிகாரர் நல்ல வார்த்தை சொல்கிறார், அடைபட்ட பெண் அதைத் தன்மேல் வைத்துப் பார்த்து வேண்டாம் என்கிறார். அவர் வாழ்க்கையில் செய்த மற்ற காரியங்களை விடுங்கள், குறி படிப்பதில் அவரை மிஞ்சியவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 9

நெருக்கடியில் எனக்கு விழுந்தது எது என்று கேட்கிறார்கள். அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது போட்டேன். 5-ஆம் குறி, காத்திருத்தல். வானத்தில் மேகம் திரண்டிருக்கிறது, மழை இன்னும் இறங்கவில்லை. அதற்கு நூல் தரும் அறிவுரை: மேலோர் உண்பார், குடிப்பார், மகிழ்ந்திருப்பார். எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தைப் பைக்குள் திணித்துவிட்டேன். அப்பா குழாய்களோடு கிடக்கிறார், விருந்து சாப்பிடச் சொல்கிறது.

அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாது. "காலையிலிருந்து நீ எதுவும் சாப்பிடவில்லை, அது சரியாகத்தான் சொல்கிறது, எழுந்து வா" என்று கீழே உணவகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இட்லி சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகுதான் மருத்துவர் முன்தினம் சொன்னது என்ன என்பதே எனக்குக் கோவையாக நினைவுக்கு வந்தது.

மேல் கோட்டையும் சொல்லவேண்டும்: அழையாத விருந்தினர் மூவர் வருவார்கள், மரியாதை செய், முடிவு நன்றாக இருக்கும். எனக்கு அந்தக் கோடு மாறவில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்த உறவினர் கூட்டத்தைப் பார்த்தபோது மூவரோடு நிறுத்திக்கொண்ட நூலின் தாராள மனத்தை நினைத்துக்கொண்டேன்.

அப்பா பிழைத்தாரா என்று கேட்க வேண்டாம். குறியில் அது இல்லை, நானும் அதைக் கேட்கவில்லை.

ஜூன் 10

"5000 ஆண்டு பழமையான நூல், பொய்க்கவே பொய்க்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டு மூன்றுகோட்டுக் குறிகளைத் தொன்ம அரசர் ஃபூ ஷி வரைந்தார் என்பது தொன்மக் கதை. வென் அரசர் யூலி சிறையில் இருந்தபோது தலைவாசகங்களை எழுதினார் என்பது மரபு. மூல வாசகம் மேற்குச் சோவ் என்ற சீன அரசமரபின் காலத்தது என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பது. 5000-க்குப் பாதியைவிடச் சற்றுக் கூடுதல், அதுவே போதாதா?

பொய்க்காது என்பதற்கு: சீனாவின் மாவாங்துய் கல்லறை பொ.ஆ.மு. 168-இல் மூடப்பட்டது. 1973-இல் அதிலிருந்து பட்டில் எழுதிய ஐ சிங் கிடைத்தது. கூடவே இருந்த உரைகளில் ஒன்றில், கன்பூசியஸிடம் சீடர் ஜிகோங் "நீங்களும் குறியை நம்புகிறீர்களா" என்று மடக்குகிறார். நூறு முறை கேட்டேன், எழுபது பலித்தது என்கிறார் குரு. தான் பார்ப்பது அதிலுள்ள அறத்தை மட்டுமே, குறிகாரரும் நானும் போகும் பாதை ஒன்று, போய்ச் சேரும் இடம் வேறு என்றும் சொல்கிறார். உண்மையில் கன்பூசியஸ் சொன்னதா, பின்னால் வந்தவர்கள் அவர் வாயில் வைத்ததா என்பது வேறு விஷயம். வைத்தவர்கள் நூற்றுக்கு நூறு என்று வைக்கவில்லை.

ஜூன் 12

"வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குப் போய்க் குச்சி குலுக்கிப் பார்க்கட்டுமே" என்று ஒருவர். போகலாம். சிங்கப்பூரில் அந்தத் தெருவில் இருப்பது குவான் இம் என்ற சீனப் பெண் தெய்வத்தின் கோயில், 1884-இல் தோன்றியது. முழங்காலிட்டு, குச்சிகள் நிறைந்த குவளையை ஒரு குச்சி மட்டும் நழுவி விழும்வரை குலுக்கவேண்டும். பிறகு பிறை வடிவக் கட்டை இரண்டைத் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் சம்மதம், அந்த எண்ணுக்குரிய சீட்டை வாங்கலாம். கட்டைகள் மறுத்தால் குச்சியைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி குலுக்கலாம். மறுபடி போட ஆசைப்படுகிறவருக்கு அந்த முறையில் அனுமதிக்கப்பட்ட வாசல் ஒன்று இருக்கிறது. ஆனால் திறப்பதும் மூடுவதும் அவர் கையில் இல்லை.

சீட்டில் ஒரு பாட்டு இருக்கும். ஆறு கோடு, மாறும் கோடு என்ற தலைவலி இல்லை. ஐ சிங்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு மரபு.

பக்கத்திலேயே ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் அங்கேயும் ஊதுவத்தி ஏற்றி நிற்பார்கள். எங்கள் அம்மா சிங்கப்பூர் வந்தபோது எதிர்த்திசையில் போனார்: கிருஷ்ணனைப் பார்த்துவிட்டு அடுத்த கோயிலில் குச்சி குலுக்கினார். என்ன கேட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. சீட்டை மட்டும் கைப்பையில் வைத்திருக்கிறார்.

ஜூன் 15

குறி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். போகிறபோக்கில் ஒரு வாக்கியம்: அவர் சேர்த்துவிட்ட இளைஞர்கள் சிலருக்கும் சம்பளம் பாக்கி, ஊரிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்கள், "அவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள்."

இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா!

நான்காவது கோட்டைத் திரும்ப எடுங்கள். ஆறு கோடுகளில் ஐந்தாவது அரசன் இடம், நான்காவது அவனுக்கு அடுத்து நிற்கும் அமைச்சன் இடம், முதலாவது எல்லோருக்கும் கீழே. நான்குக்கும் ஒன்றுக்கும் உறவு உண்டு என்பது பழைய கணக்கு. இருபத்து மூன்று வயதில் இறந்துபோன வாங் பி என்ற பழைய சீன உரையாசிரியர் எழுதிய உரை இன்றும் மேசையில் இருக்கிறது. அதன்படி, பொன் வண்டி என்பது இரண்டாவது கோடு. நான்காவது கோட்டின் மனம் முதல் கோட்டிடம் இருக்கிறது, நடுவில் இரண்டு வழிமறிக்கிறது, அதனால் மெல்ல மெல்ல. அந்தக் கோட்டுக்கான பழைய குறிப்பும் இதையே சொல்கிறது: மனம் கீழே இருக்கிறது, இடம் பொருந்தாவிட்டாலும் துணை உண்டு.

கீழே இருப்பவர்கள். காரைப் பற்றி நான் அடித்த நகைச்சுவையை ஒதுக்கிவிடுங்கள். அவர் தயங்குவது இவர்களால் என்றே நினைக்கிறேன். போனால் இவர்களை விட்டுவிட்டுப் போனதாகும், இருந்தால் இவர்களுக்குப் பொய்ச் சமாதானம் சொல்லவேண்டும். அவமானம் என்ற வார்த்தை அந்தக் கோட்டில் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 7-இல் பொருத்தத்தை நம்பாதே என்று எழுதிய அதே ஆள்தான் இதையும் எழுதுகிறேன். வித்தியாசம் ஒன்று உண்டு. கார் பொருந்தியபோது அவர் செய்யவேண்டியது எதுவும் கிடைக்கவில்லை. இது பொருந்தினால் நாளைக்கே செய்ய வேலை இருக்கிறது.

ஜூன் 16

அந்த வேலை. இதற்கு நாணயம் தேவையில்லை.

சிங்கப்பூரில் சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் தரவேண்டும், சட்டம். 2019 ஏப்ரல் முதல் மேலாளர்களும் வேலை நியமனச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். புகார் முதலில் சமரசத்துக்குப் போகும், தீராவிட்டால் நடுவர் மன்றத்துக்கு. 20,000 வெள்ளிவரை (சிங்கப்பூர் டாலர்) கோரலாம், தொழிற்சங்க உதவியோடு போனால் 30,000. வேலையில் இருந்துகொண்டே கேட்பதானால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். "மெல்ல மெல்ல" என்று கோடு சொன்னதை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். முதலாளி அறையில் சொன்ன சொல் நம்பப்படாது. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் நம்பப்படும்.

அந்த இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜூன் 17

"அப்படியானால் குறி எதற்கு, நேரே மனிதவள அமைச்சுக்குப் போயிருக்கலாமே" என்று கேட்டவருக்கு: போயிருக்கலாம். போகவில்லையே.

ஜூன் 20

குறியைக் கேட்டுப் பின்வாங்கியவர் யாராவது உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு, விதி வகுத்த சூ ஷியே. 1195. அரசவையில் ஹான் துவோஜோ என்பவரின் கை ஓங்கியிருந்தது. அவரைக் கண்டித்து சூ ஷி நீண்ட மனு எழுதினார். சீடர்கள் பதறினார்கள், அனுப்பினால் ஆபத்து என்றார்கள், அவர் கேட்கவில்லை. கடைசியில் காய் யுவான்டிங் என்ற சீடர், குறி கேட்டு முடிவு செய்யலாம் என்றார். விழுந்தது 33, பின்வாங்குதல். சூ ஷி ஒன்றும் பேசாமல் வரைவை எரித்துவிட்டு, பின்வாங்கிய கிழவன் என்று தனக்கே ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார்.

ஜூன் 21

மேலே எழுதியதைக் காலையில் படித்தபோது முக்கியமானதை விட்டு அழகாக முடித்திருப்பது தெரிந்தது. குறி கேட்கச் சொன்ன காய் யுவான்டிங் விரைவிலேயே தொலைதூர மாவட்டத்துக்கு வெளியேற்றப்பட்டார், 1198-இல் அங்கேயே இறந்தார். சூ ஷியின் போதனை தடை செய்யப்பட்டது, அவர் 1200-இல் இறந்தபோதும் தடை நீங்கவில்லை. மனுவை எரித்தது யாரையும் முழுதாகக் காப்பாற்றவில்லை. ஹான் துவோஜோ 1207-இல் கொல்லப்பட்டதற்கும் இந்தக் குறிக்கும் தொடர்பில்லை.

அப்படியானால் குறி தப்பா? கேட்டது மனுவை அனுப்பலாமா என்று. சீடர் என்ன ஆவார் என்று யாரும் கேட்கவில்லை. நம் நண்பரும் "நான் விடலாமா, இருக்கலாமா" என்றுதான் கேட்டார். இளைஞர்கள் அந்தக் கேள்விக்குள் இல்லை; கோட்டை நான் படித்த விதத்தில்தான் உள்ளே வந்தார்கள். என் வாசிப்பு மிகையாக இருக்கலாம். ஆனாலும் மாற்றிக்கொள்ள மனம் இல்லை.

ஜூன் 28

எல்லோருமாகச் சேர்ந்து புகார் கொடுத்துவிட்டார்களாம். சமரசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. வேலையை இன்னும் விடவில்லை. காரின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், முதலாளி கேட்கும் முன்பே. சமரசத்துக்கு முன் ஒரு முறை போட்டுப் பார்க்கலாமா என்கிறார்.

இது புதிய கேள்வி, நிலைமையும் மாறிவிட்டது, 4-ஆம் குறி கோபிக்காது. ஜெயிப்போமா என்று கேட்காதீர்கள். அந்த அறையில் நான் எப்படி நடந்துகொள்வது என்று ஒன்றை மட்டும் கேளுங்கள், நாணயத்தை எடுக்கும் முன் எழுதி வைத்துவிடுங்கள். சிங்கப்பூரின் ஒரு டாலர் நாணயம் மூன்று போதும், சீனக் கடையில் ஓட்டை நாணயம் தேடி அலையவேண்டாம். எந்தப் பக்கம் 3 என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மாறும் கோடே விழாவிட்டால் பதறி எழுதவேண்டாம், நாணயத்தில் 100-க்கு 18 முறை அப்படித்தான் விழும். அப்போது தலைவாசகத்தை மட்டும் படியுங்கள், முழுதாக.